கேஸ் ஷீட்டில் எழுதியிருக்கும் வைட்டல்ஸ்: நோயாளியோடு இருப்பவர்கள் கேட்கும் கேள்விகள்

கட்டிலின் கால்மாட்டில் தொங்கும் சார்ட்டை ஃபோனில் படம் பிடித்து, வெளியூரில் இருக்கும் மச்சானுக்கோ மருமகளுக்கோ அனுப்பி, 'இதுல என்ன போட்டிருக்கு பாரு' என்று கேட்காத குடும்பம் இல்லை. அங்கிருந்து வரும் பதில் பெரும்பாலும் பயத்தைத்தான் கூட்டும். வார்டில் நர்ஸாக வேலை பார்ப்பவள் என்பதால் இந்தக் கேள்விகள் தினமும் என் காதில் விழுகின்றன. அவற்றில் வைட்டல்ஸ் சம்பந்தப்பட்டவற்றுக்கு மட்டும் இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எண்கள் எல்லாம் பெரியவர்களுக்கானவை. குழந்தைகளுக்கு வேறு கணக்கு என்றால் அங்கேயே சொல்லிவிடுகிறேன்.

வைட்டல்ஸ் என்றால் எதெல்லாம்?

உடல் வெப்பம், நாடித் துடிப்பு, மூச்சு எண்ணிக்கை, ரத்த அழுத்தம் ஆகிய நான்கும்தான் அடிப்படை. முதல் மூன்றையும் சேர்த்து டிபிஆர் என்போம்: டெம்பரேச்சர், பல்ஸ், ரெஸ்பிரேஷன். ரத்தத்தில் எத்தனை சதவீதம் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது என்று விரலில் கிளிப் மாட்டிப் பார்க்கும் எஸ்பிஓ2 இப்போது ஐந்தாவதாகச் சேர்ந்துவிட்டது.

வலியை 'ஐந்தாவது வைட்டல் சைன்' ஆக்க வேண்டும் என்று அமெரிக்காவில் 1990களில் ஒரு பிரசாரம் நடந்தது. வலி மாத்திரைகள் அளவுக்கு மீறிப் புழங்கி, பலர் அவற்றுக்கு அடிமையான பிறகு, 2016-ல் அமெரிக்க மருத்துவச் சங்கமே அதைக் கைவிடச் சொன்னது. நாங்களும் வலிக்கு 0 முதல் 10 வரை மார்க் கேட்போம். ஆனால் நோயாளி சொல்வதை வைத்து எழுதுவது அது, கருவி காட்டுவது அல்ல.

டாக்கி, பிராடி, ஹைப்பர், ஹைப்போ... இதையெல்லாம் எப்படி நினைவில் வைப்பது?

துண்டு துண்டாகப் பிரித்தால் சுலபம். முன்னால் வருவது எப்படி என்று சொல்லும்: டாக்கி என்றால் வேகம், பிராடி என்றால் மெதுவு, ஹைப்பர் என்றால் கூடுதல், ஹைப்போ என்றால் குறைவு. பின்னால் வருவது எது என்று சொல்லும்: கார்டியா இதயம், ப்னியா மூச்சு, தெர்மியா வெப்பம், பைரெக்சியா காய்ச்சல், டென்ஷன் அழுத்தம். இந்த ஒன்பது துண்டுகள் தெரிந்தால் சார்ட்டில் பாதி புரிந்துவிடும்.

கடைசியில் சொன்ன டென்ஷன்தான் தொல்லை. 'எனக்கு டென்ஷனே கிடையாது சிஸ்டர், எப்படி ஹைப்பர்டென்ஷன்னு எழுதினாங்க?' என்று சண்டைக்கு வருபவர்கள் உண்டு. இது மனப் பதற்றத்தைப் பற்றியதல்ல, ரத்தக்குழாய்க்குள் இருக்கும் அழுத்தத்தைப் பற்றியது. எப்போதும் சிரித்த முகமாக இருப்பவருக்கும் 170 இருக்கலாம்.

'அஃபெப்ரைல்' என்று எழுதியிருக்கிறார்கள். அது ஒரு நோயா?

இல்லை, காய்ச்சல் இல்லை என்று அர்த்தம். காய்ச்சல் இருந்தால் 'ஃபெப்ரைல்'. 100.4 ஃபாரன்ஹீட், அதாவது 38 செல்சியஸும் அதற்கு மேலும் இருந்தால் காய்ச்சல் என்று கணக்கு.

சாதாரண உடல் வெப்பம் என்று எல்லோரும் சொல்லும் 98.6 என்ற எண் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்து மருத்துவர் வுண்டர்லிக் 1868-ல் வெளியிட்ட நூலிலிருந்து வந்தது. அவர் அக்குளில் வைத்துப் பார்த்தவர். 1992-ல் அமெரிக்காவில் மறுபடி அளந்து பார்த்தபோது சராசரி 98.2 என்று வந்தது. அதுவும் காலையில் குறைந்து சாயங்காலம் ஏறும். ஆகவே மாலை ஆறு மணிக்கு 99 இருக்கிறது என்று பாரசிட்டமால் தேட வேண்டாம்.

அக்குளில் பார்த்தால் வாயில் பார்ப்பதைவிட ஏறக்குறைய ஒரு டிகிரி ஃபாரன்ஹீட் குறைவாகவே காட்டும். நெற்றிக்கு நேரே நீட்டும் கருவி வெயிலில் நடந்து வந்தவருக்கு ஒன்றும், ஏசி அறையில் இருந்தவருக்கு ஒன்றும் சொல்லும். எந்தக் கருவியானாலும் தினமும் ஒரே இடத்தில் பாருங்கள். அப்போதுதான் ஏறுகிறதா இறங்குகிறதா என்று தெரியும்.

95-க்குக் கீழே போனால் ஹைப்போதெர்மியா. நம் ஊரில் எங்கே குளிர் என்று நினைக்காதீர்கள். வயதானவர்களுக்குக் கிருமித்தொற்று ரத்தத்தில் பரவும்போது காய்ச்சல் ஏறாமல் உடம்பு சில்லிட்டுப் போவதும் உண்டு. அது காய்ச்சலைவிட மோசமான சேதி.

ஹைப்பர்பைரெக்சியா, ஹைப்பர்தெர்மியா இரண்டும் ஒன்றுதானே?

எண் ஒரே மாதிரி இருக்கலாம், காரணம் வேறு. காய்ச்சலில் மூளையே உடம்பின் வெப்ப அளவை ஏற்றி வைக்கிறது. அது 106-ஐ ஒட்டியோ தாண்டியோ போனால் ஹைப்பர்பைரெக்சியா. ஹைப்பர்தெர்மியாவில் மூளை ஏற்றச் சொல்லவில்லை. வெளியிலிருந்து வரும் சூட்டை உடம்பால் வெளியேற்ற முடியவில்லை, அவ்வளவுதான். கத்திரி வெயிலில் கட்டட வேலை செய்தவர் 104-க்கு மேல் சூட்டோடு உளறிக்கொண்டு வந்தால் அது வெப்பத்தாக்கு. அவருக்குப் பாரசிட்டமால் வேலை செய்யாது. நிழலுக்குக் கொண்டுபோய், துணியைத் தளர்த்தி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி விசிறிக்கொண்டே 108-ஐக் கூப்பிட வேண்டும். நினைவு சரியில்லாதவர் வாயில் தண்ணீரோ மோரோ ஊற்றக் கூடாது.

நாடி 110 இருக்கிறது. ஹார்ட் பிரச்சினையா?

ஓய்வாக இருக்கும்போது 60 முதல் 100 வரை சாதாரணம். 100-ஐத் தாண்டினால் டாக்கிகார்டியா. அது நோயின் பெயர் அல்ல. இதயம் வேகமாக ஓடுகிறது என்ற தகவல் மட்டும்தான். காய்ச்சல், வலி, பயம், உடம்பில் நீர் வற்றுவது, ரத்தசோகை, தைராய்டு, ரத்தக்கசிவு, நெபுலைசரில் போட்ட மருந்து, எதனாலும் வரும். காய்ச்சல் இறங்கும்போது நாடியும் கூடவே இறங்கினால் காரணம் தெரிந்துவிட்டது. காய்ச்சல், வலி ஏதுமில்லாமல் ஆபரேஷன் முடிந்தவருக்கு 90, 104, 118 என்று ஏறிக்கொண்டே போனால் உள்ளே எங்காவது ரத்தம் கசிகிறதா என்றுதான் டாக்டர் முதலில் பார்ப்பார்.

பிறந்த குழந்தைக்கு 120, 140 எல்லாம் இயல்பு.

52 இருக்கிறதே?

அது பிராடிகார்டியா, 60-க்குக் கீழே. தினமும் ஓடுகிறவர்களுக்கும் நல்ல தூக்கத்தில் இருப்பவர்களுக்கும் 50-ஐ ஒட்டி இருந்தால் கவலையில்லை. அட்டெனலால், மெட்டோப்ரலால் போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களுக்கு அந்த மாத்திரையின் வேலையே அதுதான். மயக்கம், தலைசுற்றல், நெஞ்சடைப்பு கூடவே இருந்தால்தான் கதை வேறு. இன்னொன்று: இந்த வகை மாத்திரை சாப்பிடுபவருக்கு ரத்தம் போனாலும் நாடி ஏறாமல் 80-லேயே நிற்கலாம். அதனால்தான் அட்மிஷன் போடும்போது 'என்னென்ன மாத்திரை சாப்பிடுகிறார், அட்டையைக் காட்டுங்கள்' என்று நச்சரிக்கிறோம்.

கருவி இருக்கும்போது ஏன் கையைப் பிடித்து நாடி பார்க்கிறீர்கள்?

கருவி எண்ணிக்கையைச் சொல்லும், தன்மையைச் சொல்லாது. விரலுக்கடியில் நாடி நூல் மாதிரி மெலிந்து ஓடினால் 'த்ரெடி', துள்ளி அடித்தால் 'பவுண்டிங்' என்று எழுதுவோம். தாளமே இல்லாமல், எப்போது அடுத்த துடிப்பு வரும் என்று சொல்ல முடியாதபடி இருந்தால் 'இர்ரெகுலர்லி இர்ரெகுலர்'. ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் என்ற தாளக் கோளாறுக்கு அது முக்கிய அடையாளம். அப்போது இதயம் துடிக்கும் எல்லாத் துடிப்பும் மணிக்கட்டு வரை வந்து சேராது. ஸ்டெத்தில் கேட்டால் 120, மணிக்கட்டில் 96 என்று வரும். இந்த வித்தியாசத்துக்குப் 'பல்ஸ் டெஃபிசிட்' என்று பெயர்.

வீட்டில் பார்ப்பதானால் கட்டைவிரலால் பார்க்காதீர்கள். அதிலேயே துடிப்பு இருப்பதால் உங்கள் நாடியையே எண்ணிவிடுவீர்கள்.

மூச்சை எண்ணுவதாகவே தெரியவில்லையே. எப்போது எண்ணுகிறீர்கள்?

நல்ல கேள்வி. எண்ணுவது உங்களுக்குத் தெரியக் கூடாது என்பதுதான் முறை. மூச்சை எண்ணுகிறார்கள் என்று தெரிந்த உடனே யாராக இருந்தாலும் மூச்சு மாறிவிடும். ஆகவே நாடி பார்த்து முடித்த பிறகும் மணிக்கட்டை விடாமல் பிடித்துக்கொண்டே, கண் மட்டும் நெஞ்சுக்கோ வயிற்றுக்கோ போகும். போர்வை ஏறி இறங்குவது ஒரு மூச்சு. முழுதாக ஒரு நிமிடம்.

ஒரு நிமிடம் என்பது முப்பது கட்டில் உள்ள வார்டில் சின்ன விஷயமில்லை. அதனால் நடக்கும் ஒன்றையும் மறைக்காமல் சொல்கிறேன்: எந்த ஊர் ஆஸ்பத்திரியானாலும் சரி, சார்ட்டில் எல்லோருக்கும் வரிசையாக 18, 20, 18, 20 என்று இருந்தால் அவற்றில் பல, எண்ணி எழுதியவை அல்ல. வைட்டல்ஸிலேயே அதிகம் அலட்சியப்படுத்தப்படுவது இதுதான். ஆனால் நோயாளியின் நிலை சரியப் போகிறது என்பதை மற்ற எண்களுக்கு முன்பே காட்டிக்கொடுப்பதும் பெரும்பாலும் இதுதான். பிபி நன்றாக இருக்கும், எஸ்பிஓ2 97 காட்டும், மூச்சு மட்டும் 28 இருக்கும். உடம்பு சிரமப்பட்டு அந்த 97-ஐப் பிடித்து வைத்திருக்கிறது என்று பொருள். அது களைத்துப்போனால் எல்லாம் சேர்ந்து விழும்.

12 முதல் 20 வரை சாதாரணம். அதற்கு மேல் டாக்கிப்னியா, கீழே பிராடிப்னியா, மூச்சே நின்றால் ஆப்னியா. தூக்க மாத்திரை, மார்ஃபின் போன்ற வலி மருந்து கொடுத்தவர்களிடம் பிராடிப்னியாவை எதிர்பார்த்துக் காத்திருப்போம். 8-க்கு வந்துவிட்டால் தட்டி எழுப்பி, டாக்டரை ஓடிவரச் சொல்வோம்.

குழந்தைகளுக்கு நிமோனியா சந்தேகப்பட உலக சுகாதார நிறுவனம் எளிய எல்லை ஒன்று வைத்திருக்கிறது. இரண்டு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு நிமிடத்துக்கு 60 அல்லது மேல், இரண்டு மாதம் முதல் ஒரு வயது வரை 50 அல்லது மேல், ஒன்று முதல் ஐந்து வயது வரை 40 அல்லது மேல். இருமலோடு இப்படி இருந்தால் அன்றைக்கே காட்டிவிட வேண்டும். இதற்கு எந்தக் கருவியும் வேண்டாம். குழந்தை அழாமல் இருக்கும்போது சட்டையைத் தூக்கிவிட்டு, கடிகாரத்தைப் பார்த்து எண்ணினால் போதும்.

டிஸ்ப்னியா என்பதும் வேகமான மூச்சுதானே?

இல்லை. 'மூச்சு வாங்குது' என்று நோயாளி உணர்வது டிஸ்ப்னியா. வேகம் என்பது நாங்கள் எண்ணித் தெரிந்துகொள்வது. ஒன்று இல்லாமல் மற்றது இருக்கும். படுத்தால் மூச்சு முட்டி, எழுந்து உட்கார்ந்தால் நன்றாக இருந்தால் ஆர்த்தாப்னியா. இதயம் பலவீனமானவர்களிடம் சாதாரணமாகப் பார்ப்பது. 'எத்தனை தலையணை வைத்துத் தூங்குகிறார்?' என்று டாக்டர் கேட்பது இதற்காகத்தான்.

சார்ட்டில் ஆள் பெயரோடு வரும் மூச்சுகளும் உண்டு. சர்க்கரை ஏறி ரத்தம் அமிலமாகும்போது ஆழமாகவும் வேகமாகவும் இழுப்பது குஸ்மால் மூச்சு. 1874-ல் அதை விவரித்த ஜெர்மன் மருத்துவரின் பெயர். மெல்ல மெல்லப் பெரிதாகி, மெல்லக் குறைந்து, சில வினாடி நின்று, மறுபடி தொடங்குவது செய்ன்-ஸ்டோக்ஸ் மூச்சு. செய்ன், ஸ்டோக்ஸ் இருவருமே டப்ளினில் மருத்துவம் பார்த்தவர்கள்.

எஸ்பிஓ2 எவ்வளவு இருக்க வேண்டும்?

95-க்கு மேல் நல்லது. 90-க்குக் கீழே போனால் ரத்தத்தில் ஆக்சிஜன் குறைவு, அதாவது ஹைப்பாக்சீமியா. கொரோனா காலத்தில் 94 என்ற எண் வீட்டுக்கு வீடு மனப்பாடம் ஆனது. ஆனால் பல வருடம் பீடி குடித்து நுரையீரல் கெட்டுப்போன சிஓபிடி நோயாளிகள் பலருக்கு டாக்டரே 88 முதல் 92 வரை இருந்தால் போதும் என்பார். ஆக்சிஜனை அள்ளி விட்டால் அவர்களுக்குக் கரியமில வாயு தேங்கும். பக்கத்துக் கட்டிலில் 98 இருக்கிறது, எங்கள் அப்பாவுக்கு 90 தானா என்று கேட்டு, நீங்களே ஆக்சிஜனைக் கூட்டிக் குறைக்கும் ஃப்ளோ மீட்டரைத் திருகிவிடாதீர்கள்.

சார்ட்டில் எண்ணுக்குப் பக்கத்தில் 'ஆர்ஏ' என்று இருந்தால் ரூம் ஏர், ஆக்சிஜன் வைக்காமல் பார்த்தது. '96, 6 லிட்டர்' என்று இருந்தால் அந்த 96, நிமிடத்துக்கு 6 லிட்டர் ஆக்சிஜன் வைத்து வாங்கிய 96.

நெயில் பாலிஷ், அடர்த்தியான மருதாணி, சில்லிட்ட விரல், நடுக்கம் எல்லாம் கருவியைக் குழப்பும். மூடிய அறையில் ஜெனரேட்டர் புகையோ கரிப்புகையோ சுவாசித்தவருக்கு இந்தக் கருவி 99 என்று பொய் சொல்லும். கார்பன் மோனாக்சைடு ஒட்டிய ரத்தத்தையும் அது ஆக்சிஜன் ரத்தம் என்றே எண்ணிக்கொள்ளும்.

பிபியில் மேல் எண், கீழ் எண் எது முக்கியம்?

இரண்டும்தான். இதயம் சுருங்கித் தள்ளும்போது உள்ள அழுத்தம் மேலே, சிஸ்டாலிக். அது தளர்ந்து நிரம்பும்போது உள்ளது கீழே, டயஸ்டாலிக். இரண்டும் பாதரச மில்லிமீட்டர் கணக்கு. கையில் பட்டை கட்டி அளக்கும் முறையை இத்தாலியின் ரிவா-ரோச்சி 1896-ல் கொண்டுவந்தார். ஸ்டெத் வைத்துக் கேட்பதை ரஷ்ய டாக்டர் கொரட்காஃப் 1905-ல் சேர்த்தார். காற்றை இறக்கும்போது முதல் 'டக்' கேட்கும் இடம் மேல் எண், சத்தம் மறையும் இடம் கீழ் எண்.

140/90-ம் அதற்கு மேலும் பல தடவை பார்த்தும் இருந்தால் ஹைப்பர்டென்ஷன் என்பதே நம் ஊரில் புழங்கும் கணக்கு. அமெரிக்காவில் 2017-ல் அதை 130/80 ஆக இறக்கிவிட்டார்கள். 90/60-க்குக் கீழே ஹைப்போடென்ஷன். ஒல்லியான இளம்பெண்ணுக்கு எப்போதுமே 90/60 இருந்தால் அது அவர் வாகு. வழக்கமாக 150 இருப்பவருக்கு 100 வந்தால் அதைச் சாதாரணம் என்று எழுதிவிட்டுப் போக முடியாது.

வீட்டில் 128, ஆஸ்பத்திரியில் 156. எது உண்மை?

இரண்டுமே உண்மையாக இருக்கலாம். டாக்டரைப் பார்த்ததும் ஏறுவதற்கு 'ஒயிட் கோட் ஹைப்பர்டென்ஷன்' என்றே பெயர். இங்கே நல்லபடி இருந்து வீட்டில் ஏறுவதும் உண்டு. அது 'மாஸ்க்டு', அதாவது ஒளிந்திருப்பது.

ஆனால் அதற்கு முன் எப்படிப் பார்த்தார்கள் என்று பாருங்கள். மாடிப்படி ஏறி வந்த உடனே, காபி குடித்த கையோடு, கால் மேல் கால் போட்டு, பேசிக்கொண்டே, புடவை ரவிக்கையின் இறுக்கமான கையை மேலே சுருட்டிவிட்டு எடுத்த பிபிக்கு மதிப்பில்லை. ஐந்து நிமிடம் சாய்ந்து உட்கார்ந்து, கால் தரையில் பதிய, கை இதயத்தின் உயரத்தில் மேஜைமேல் இருக்க வேண்டும். அவசரமாகச் சிறுநீர் வந்தால் போய்விட்டு வரச் சொல்லுங்கள், அதுவும் ஏற்றும். பருமனான கைக்குச் சின்னப் பட்டை கட்டினால் கூடுதலாகக் காட்டும். டயாலிசிஸுக்கு ஃபிஸ்டுலா போட்ட கையில் பார்க்கவே கூடாது. நர்ஸ் மறந்தாலும் நீங்கள் நினைவூட்டுங்கள்.

டெங்கு நோயாளிக்குக் காய்ச்சல் விட்டுவிட்டது. ஆனாலும் மணிக்கொரு தடவை பிபி பார்க்கிறார்களே, ஏன்?

டெங்குவில் ஆபத்து காய்ச்சல் இருக்கும்போது அல்ல, அது விடும்போது. பெரும்பாலும் மூன்றாம் நாளிலிருந்து ஏழாம் நாளுக்குள். அப்போதுதான் ரத்தக்குழாயிலிருந்து நீர் வெளியே கசியத் தொடங்கும். 'ஜுரம் விட்டுடுச்சு, பிள்ளை நல்லா பேசுறான், டிஸ்சார்ஜ் குடுங்க' என்று கேட்பதும் இதே நாளில்தான்.

இங்கே பார்க்க வேண்டியது மேல் எண்ணுக்கும் கீழ் எண்ணுக்கும் உள்ள இடைவெளி. அதற்குப் 'பல்ஸ் பிரஷர்' என்று பெயர். 120/80 என்றால் 40. நீர் கசியும்போது உடம்பு ரத்தக்குழாய்களை இறுக்கிச் சமாளிக்கும். அதனால் மேல் எண் பெரிதாக இறங்காமல் நிற்க, கீழ் எண் ஏறும். காலையில் 110/70, மத்தியானம் 106/80, சாயங்காலம் 100/84. மேலோட்டமாகப் பார்த்தால் மூன்றுமே நல்ல பிபி. இடைவெளியைப் பாருங்கள்: 40, 26, 16. 20-ம் அதற்குக் கீழும் வந்துவிட்டால் ஷாக்குக்குள், அதாவது உறுப்புகளுக்குப் போதிய ரத்தம் போகாத நிலைக்குள், போய்விட்டார் என்று வைத்தியம் தொடங்குவார்கள். கூடவே கை கால் சில்லிடும், நகத்தை அழுத்திவிட்டால் சிவப்பு திரும்ப இரண்டு வினாடிக்கு மேல் ஆகும். நீர் வேகமாகக் கசிந்தால் மேல் எண்ணும் விழும், ஆனால் அது கடைசியில். பிளேட்லெட் எண்ணிக்கையையே எல்லோரும் கேட்கிறார்கள். என்னைக் கேட்டால் முதலில் இந்த இடைவெளியைக் கேளுங்கள் என்பேன்.

எழுந்து நின்றால் கண் இருட்டுகிறது. படுத்துப் பார்த்தால் பிபி சரியாக இருக்கிறது.

நிற்க வைத்தும் பார்க்கச் சொல்லுங்கள். நின்ற மூன்று நிமிடத்துக்குள் மேல் எண் 20 அல்லது கீழ் எண் 10 குறைந்தால் பாஸ்சுரல் ஹைப்போடென்ஷன். நீண்ட நாள் சர்க்கரை, பிபி மாத்திரை, நீர் வற்றுவது எல்லாம் காரணமாகலாம். ராத்திரி பாத்ரூம் போக எழுந்து விழுந்து இடுப்பு முறித்துக்கொள்ளும் பெரியவர்களில் பலருக்கு இதுதான் பின்னணி.

கர்ப்பிணிக்கு 144/92. வெயிலில் வந்ததால் இருக்குமா?

இருக்கலாம் என்று விட்டுவிட வேண்டாம். ஐந்து மாதத்துக்குப் பிறகு 140/90 எட்டினால் சிறுநீரில் புரதம் பார்த்தே ஆக வேண்டும். ப்ரீ-எக்லாம்ப்சியா, அதாவது கர்ப்பகாலத்தில் பிபி ஏறி வரும் ஆபத்தான கோளாறு, அதன் சந்தேகம் அது. தலைவலி, கண் மங்கல், மேல்வயிற்று வலி சேர்ந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரி. 160/110 என்றால் அவசரம்.

'வைட்டல்ஸ் ஸ்டேபிள்' என்றார்கள். நல்லாகிவிட்டார் என்று அர்த்தமா?

இந்த எண்கள் இப்போதைக்கு மாறாமல் நிற்கின்றன, அவ்வளவுதான். வென்டிலேட்டரில், பிபி ஏற்றும் மருந்து ஓடிக்கொண்டிருப்பவருக்கும் அப்படிச் சொல்வார்கள். 'எந்த மருந்தில், எவ்வளவு ஆக்சிஜனில் ஸ்டேபிள்?' என்று கேட்டால் உண்மை நிலவரம் வரும். நேற்றைவிட அந்த மருந்தும் ஆக்சிஜனும் குறைந்திருந்தால் முன்னேற்றம்.

எண்களைத் தனித்தனியாகவும் படிக்கக் கூடாது. பிபி இறங்கி நாடி ஏறினால் நீரோ ரத்தமோ போகிறது என்று சந்தேகம். தலையில் அடிபட்டவருக்கு நேர் எதிராக, பிபி ஏறி நாடி இறங்கி மூச்சு தாறுமாறானால் மண்டைக்குள் அழுத்தம் கூடுகிறது.

லண்டனின் ராயல் காலேஜ் ஆஃப் பிசிஷியன்ஸ் 2012-ல் 'நியூஸ்' (நேஷனல் எர்லி வார்னிங் ஸ்கோர்) என்ற மதிப்பெண் முறையைக் கொண்டுவந்து 2017-ல் திருத்தியது. எல்லா வைட்டல்ஸுக்கும், நினைவு நிலைக்கும், ஆக்சிஜன் வைத்திருக்கிறதா என்பதற்கும் மார்க் போட்டுக் கூட்டுவார்கள். 7 வந்துவிட்டால் அவசரக் குழுவைக் கூப்பிட வேண்டும். அதில் மூச்சு 25 இருந்தாலே தனியாக 3 மார்க்.

மானிட்டர் கத்திக்கொண்டே இருக்கிறது. யாரும் வரவில்லையே?

முதலில் திரையைப் பார்க்காமல் ஆளைப் பாருங்கள். கூப்பிட்டால் பதில் சொல்கிறாரா, வழக்கம்போல் மூச்சு விடுகிறாரா, உதடு நீலமாகிறதா? பேசிக்கொண்டிருப்பவருக்குத் திரையில் கோடு நேராக ஓடினால் பெரும்பாலும் ஒயர் கழன்றிருக்கும், இல்லை விரல் கிளிப் போர்வைக்குள் விழுந்திருக்கும். ஆள் பதில் சொல்லவில்லை, புதிதாக உளறுகிறார், வேர்த்துச் சில்லிட்டுவிட்டார், ஒரு முழு வாக்கியம் பேச முடியாமல் மூச்சு வாங்குகிறது என்றால் திரையில் எந்த எண் இருந்தாலும் சத்தம் போட்டுக் கூப்பிடுங்கள். யாரும் கோபித்துக்கொள்ள மாட்டோம். அலாரத்தை நிறுத்தும் பட்டனை மட்டும் நீங்களாக அழுத்தாதீர்கள்.